தூதுவளை வளர்ப்பு: குச்சி நடுவதிலிருந்து வற்றல் போடுவது வரை

ஊரில் வேலியோரம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் புதர் மாதிரி மண்டிக் கிடக்கிற தூதுவளை, வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் வைத்ததும் ஏன் இளைத்துப் போகிறது? மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது என்னிடம் இதைக் கேட்டிருப்பார்கள். எருவைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள், தண்ணீரைக் குறைத்துப் பார்த்திருப்பார்கள். கொடி மட்டும் நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். இலை சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிறுத்துவிடும்.

நான் கண்ட பதில் சின்னது. வேலியில் இருக்கும் செடியை யாராவது ஒடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ரசத்துக்கு ஒரு பிடி என்று பாட்டி பறிப்பார், போகிற போக்கில் ஆடு நுனியைக் கடிக்கும். வீட்டிலோ முள்ளுக்குப் பயந்து நாம் பக்கத்திலேயே போவதில்லை. வெட்டாத தூதுவளை கிழடு தட்டிப்போகும். நடுவதும் தண்ணீர் விடுவதும் கஷ்டமில்லை. கத்தரிக்கோல் பிடிக்கப் பழகுவதுதான் வேலை.

திருச்சி வெயிலில், மாடியில் மூன்று செடிப் பையும் கீழே மதிலோரம் ஒரு செடியுமாக வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில், இதுதான் தூதுவளையா?

தூதுளை, தூதுளம், அளர்க்கம் என்றெல்லாம் பெயர் உண்டு. கத்தரி, தக்காளி, சுண்டை எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் சொலானம் ட்ரைலோபேட்டம், அதாவது மூன்று மடல் கொண்டது. இலையைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். ஆனால் எல்லா இலையும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐந்து மடல்கூட வரும்.

நான் முதலில் வாங்கிய கன்று தூதுவளையே இல்லை. ஒரு நர்சரியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் தரையோடு தரையாகப் படுத்து, ஊசி ஊசியாக மஞ்சள் முள் விட்டது. கண்டங்கத்திரி! அதுவும் நல்ல மூலிகைதான், ஆனால் ரசம் வைக்கிற கீரை அல்ல. இரண்டும் ஊதாப் பூ பூப்பதால் பூவை வைத்துப் பிரிக்க முடியாது. முள்ளைப் பாருங்கள். கண்டங்கத்திரி முள் நேராக, நீளமாக நிற்கும். தூதுவளை முள் குட்டையானது, பூனை நகம் மாதிரி கீழ்நோக்கி வளைந்தது. காயும் வேறு: கண்டங்கத்திரி மஞ்சளாகப் பழுக்கும், தூதுவளை செக்கச் சிவப்பாக.

அந்த வளைந்த முள்ளை இன்னும் கொஞ்சம் கவனியுங்கள். பாகல், புடலை மாதிரி தூதுவளைக்குப் பற்றுக்கம்பி கிடையாது. முள்தான் அதற்குக் கை. பக்கத்துக் கிளையில் அதை மாட்டிக்கொண்டு ஏறுகிறது. உங்கள் கையை உள்ளே விடும்போது முள் வழிவிடும், வெளியே இழுக்கும்போதுதான் பிடிக்கும். மாட்டிக்கொண்டால் பதறி இழுக்காதீர்கள். கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, முள்ளிலிருந்து விலக்கி, அப்புறம் எடுங்கள்.

இடம்

காலை வெயில் ஐந்து மணி நேரம் கிடைத்தால் போதும். நாள் முழுக்க வெயில் பட்டாலும் சாகாது, ஆனால் இலை தடித்துச் சிறுத்துக் கசப்பு ஏறும். மாடியில் சித்திரை வைகாசியில் பிற்பகல் நிழல் இருக்கிற மூலையாகப் பாருங்கள், அல்லது பச்சை வலை கட்டுங்கள்.

எங்கே வைக்கக்கூடாது என்பதுதான் முக்கியம். துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு வேட்டியும் ஒரு நைட்டியும் போன பிறகுதான் செடி இடம் மாறியது. குழந்தைகள் ஓடுகிற வழியில் வேண்டாம். ஜன்னல் கம்பியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஒரு வருடம் கழித்து ஜன்னலைச் சாத்த முடியாது.

தொட்டியும் மண்ணும்

பதினைந்து அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள குரோ பேக் ஒரு செடிக்குச் சரியாக இருக்கும். பன்னிரண்டு அங்குலத்திலும் வளரும், ஆனால் கோடையில் தினம் இருவேளை தண்ணீர் கேட்கும்.

செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. இதோடு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். களிமண்தான் கிடைக்கும் என்றால் கொஞ்சம் மணல் கலந்துகொள்ளுங்கள். கலவையை நனைத்துப் பத்து நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் நடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். போன பருவம் கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வைத்த மண்ணைத் தூதுவளைக்குப் பயன்படுத்த வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம் என்பதால், அவற்றைப் பிடித்த வாடல் நோயும் வேர் முடிச்சு நூற்புழுவும் அந்த மண்ணிலேயே காத்திருக்கும். அந்த மண்ணில் கீரையோ அவரையோ போடுங்கள். நூற்புழு சந்தேகம் இருந்தால் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி வைத்து எடுங்கள்.

விதையா, குச்சியா?

இரண்டிலும் வரும். அவசரமென்றால் குச்சி.

விதைக்கு நன்றாகச் சிவந்த பழம் வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் பிசைந்தால் கத்தரி விதை மாதிரி தட்டையான விதைகள் பிரியும். அலசி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, நாற்றுத் தட்டில் கால் அங்குல ஆழத்தில் தூவி, மேலே மெல்லிசாக எருவைச் சலியுங்கள். ஈரம் காயக்கூடாது. எனக்குப் பத்தாம் நாள் முளைத்ததும் உண்டு, தட்டைக் கவிழ்க்கப் போன மூன்றாம் வாரத்தில் தலைகாட்டியதும் உண்டு. நாலைந்து இலை விட்டதும் பைக்கு மாற்றலாம்.

குச்சியில் கொஞ்சம் கவனம் தேவை. இளம்பச்சை நுனி அழுகிவிடும், அடித்தண்டு துளிர்க்க நாளாகும். இரண்டுக்கும் நடுவில், பென்சில் தடிமனில், பச்சை மங்கிச் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கிய தண்டாகப் பாருங்கள். ஒரு சாண் நீளத்தில், நாலு கணுவாவது இருக்கும்படி வெட்டுங்கள். கீழ்ப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே ஒன்று இரண்டை மட்டும் விடுங்கள்.

நாலைந்து குச்சியைச் சேர்த்து வெட்டிப் போட்டால் எது தலை, எது கால் என்று குழப்பம் வரும். அதற்கும் முள்தான் வழிகாட்டி: முள்ளின் நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதுவே கீழ்ப்பக்கம். தலைகீழாக நட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து நட்டு, சுற்றி மண்ணை அழுத்திவிடுங்கள். முள் இருப்பதால் குச்சியைப் பிடித்து நட ஒரு துண்டு ரப்பர் குழாயோ மடித்த சாக்கோ கையில் வைத்துக்கொள்ளலாம். நிழலில் மூன்று நான்கு வாரம். இடையில் துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குச்சிக்குள் இருக்கிற சேமிப்பிலேயே முதல் துளிர் வந்துவிடும், வேர் அதற்கப்புறம்தான். மூன்றாவது நான்காவது இலை தெளிவாக விரிந்த பிறகு மெல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள்.

காலம் ஆடி முதல் ஐப்பசி ஆரம்பம் வரை வசதி. காற்றில் ஈரம் இருக்கும், குச்சி காயாது. அடைமழை தொடங்கிய பிறகு நட்டால் அழுகல் அதிகம். கோடையில் நட்டுத் தப்பிக்க வைக்கலாம், ஆனால் ஆறில் ஒன்று பிழைத்தால் அதிகம்.

தண்ணீரும் தீனியும்

விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தூதுவளை வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும், தேங்கிய தண்ணீரைப் பொறுக்காது. மழைக்காலத்தில் பையின் வடிகால் ஓட்டைகளை ஒரு குச்சியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு பிடி மண்புழு உரம் போதும். பஞ்சகவ்யம் இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். கீரைக்காகத்தானே வளர்க்கிறோம் என்று தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கொழுகொழுவென்று வரும், கூடவே பூச்சியும் வரும்.

பந்தல் கட்டுவது

பையின் நாலு மூலையிலும் நாலடி மூங்கில் குச்சி ஊன்றி, ஒரு சாண் இடைவெளியில் சணலைச் சுற்றிக் கட்டினால் ஒரு கூண்டு கிடைக்கும். கொடியை அதற்குள்ளேயே சுற்றிவிடுங்கள். நாலடிக்கு மேல் ஏற விடாதீர்கள், கைக்கு எட்டாத இலை நமக்கு இல்லை.

வெட்டு

இதற்குத்தான் இவ்வளவு பீடிகை.

முதல் வெட்டு, கொடி ஒன்றரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுவது. மனசு வராது. கிள்ளுங்கள். ஒரு வாரத்தில் கீழே இருக்கும் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று பக்கக்கிளை புறப்படும். அவையும் ஒரு அடி வந்ததும் அதே மாதிரி. மூன்றாவது மாதத்தில் ஒரே கொடியாக இல்லாமல் ஏழெட்டுக் கிளையோடு குத்தாக நிற்கும். அப்போதிலிருந்து கீரை எடுக்கலாம்.

அடுத்தது மாதாந்திர வெட்டு. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்துவிடுங்கள். இலையை மட்டும் ஒவ்வொன்றாக உருவினால் கிளை மொட்டையாக நீண்டுகொண்டே போகும். கிளையோடு வெட்டினால்தான் துளிர். வெட்டியதைக் கீழே உட்கார்ந்து நிதானமாக ஆய்ந்துகொள்ளலாம். செடிக்குள் கையைவிட்டுக் கீறிக்கொள்வதை விட இது எவ்வளவோ மேல்.

வருடத்துக்கு ஒரு முறை பெரிய வெட்டு. ஆடிக் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுவிட்டு மீதி அத்தனையும் எடுத்துவிடுவேன். பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். மேல் மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போட்டுத் தண்ணீர் விட்டால், ஆவணி புரட்டாசி மழையில் புதுக் கிளையாக வெடித்துக் கிளம்பும். ஐப்பசி கார்த்திகையில் வீட்டில் சளி ஆரம்பிக்கும்போது கீரையும் தயாராக இருக்கும். வெட்டிய தண்டிலேயே அடுத்த குச்சிகளும் கிடைத்துவிடும்.

கழிவைத் தரையில் விடாதீர்கள். காய்ந்த முள் பச்சை முள்ளை விட மோசம், செருப்பையே குத்திவிடும். ஒரு பழைய வாளியில் போட்டு வைத்து, நொறுங்கக் காய்ந்ததும் குழியில் புதைப்பது என் வழக்கம். தடித்த தோல் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள். துணிக் கையுறையில் முள் மாட்டிக்கொள்ளும்.

பூச்சி

முதல் எதிரி புள்ளி வண்டு. கத்தரி வைத்தவர்களுக்கு அறிமுகமானதுதான். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் வலை மாதிரி விட்டுவைக்கும். இலையைத் திருப்பினால் உடம்பெல்லாம் முட்கிளை வைத்த மஞ்சள் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டையும் மஞ்சளாக, கொத்தாக நிறுத்தி வைத்தது போல இருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. பொறி வண்டும் புள்ளி போட்டதுதான், ஆனால் அது அசுவினியைத் தின்னும் நம் பக்கத்து ஆள். வித்தியாசம் முதுகில் தெரியும். பொறி வண்டின் முதுகு மெருகு போட்டது போலப் பளபளக்கும், புள்ளியும் குறைவு. இலையைத் தின்னும் வண்டு செம்பு நிறத்தில் மங்கலாக இருக்கும், உற்றுப் பார்த்தால் மெல்லிய ரோமம் தெரியும், புள்ளி நிறைய இருக்கும். ஒரு வகைக்கு இருபத்தெட்டு. மூன்று பைக்கு மருந்தெல்லாம் தேவையில்லை. காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டிவிடுங்கள், முட்டையுள்ள இலையைக் கிள்ளி எறியுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால் அடங்கிவிடும்.

கணுக்களில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். தெளித்த கீரையை ஒரு வாரம் பறிக்க வேண்டாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. இலைகள் திடீரென்று பொடிப்பொடியாகக் கொத்துக் கொத்தாக வந்தால் அது கத்தரியில் வரும் சிற்றிலை நோய் மாதிரியானது. அதற்கு வைத்தியம் இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு வேறு குச்சி வையுங்கள்.

முள் எடுத்து அடுப்புக்கு

இளந்துளிரில் முள் மெத்தென்று இருக்கும், வதக்கினால் கரைந்துவிடும். முற்றிய இலையில் நடுநரம்பிலும் காம்பிலும் கொக்கி முள் இருக்கும். காம்பைக் கத்தரித்துவிட்டு, இலையைக் கவிழ்த்துப் பலகையில் வைத்து, கத்தி முனையை நரம்பின்மேல் ஒரு இழுப்பு இழுத்தால் முள் உதிரும். அப்புறம் மறுபக்கமும் ஒரு தடவை பாருங்கள்.

துவையலுக்கு இரண்டு கைப்பிடி இலையை நெய்யில் பச்சை நிறம் மாறிச் சுருளும் வரை வதக்கி, இரண்டு கரண்டி உளுத்தம்பருப்பு, நாலு மிளகாய் வற்றல், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து அரைக்க வேண்டியதுதான். ரசமென்றால் பதினைந்து இருபது இலையை வதக்கி, மிளகு சீரகம் பூண்டோடு தட்டி, புளிக்கரைசலில் நுரை கட்டும் வரை. தோசை மாவில் அரைத்து ஊற்றினால் குழந்தைகள் கேள்வி கேட்காமல் சாப்பிடுகிறார்கள்.

எதற்கு, எவ்வளவு

சளி, இருமல், இரைப்புக்குச் சித்த மருத்துவத்தில் தூதுவளைக்கு நெடுங்கால இடம் உண்டு. கற்ப மூலிகைகளிலும் சேர்த்திருக்கிறார்கள். வள்ளலார் உயர்த்திச் சொன்ன இலைகளில் கரிசலாங்கண்ணியோடு இதுவும் ஒன்று. 1999இல் ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தூதுவளை, கண்டங்கத்திரிப் பொடிகளைக் கொடுத்துப் பார்த்த சிறிய முன்னோட்ட ஆய்வு ஒன்று வெளியானது. மூச்சுத் திறனில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சால்புட்டமால் மருந்தின் அளவுக்கு இல்லை. ஆகவே இன்ஹேலர் எடுப்பவர்கள் தோட்டத்தில் செடி இருக்கிறது என்று அதை நிறுத்த வேண்டாம்.

வாரத்துக்கு ஓரிரு முறை கீரையாக, சமைத்துச் சாப்பிடுவது எங்கள் வீட்டு அளவு. கத்தரிக் குடும்பத்துச் செடிகளுக்கே உரிய ஆல்கலாய்டுகள் இதிலும் இருக்கின்றன. பச்சையாக அரைத்துத் தம்ளர் தம்ளராகக் குடிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூவும் காயும்

ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள். ஊதா இதழ் பின்னால் மடங்கி, நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகச் சேர்ந்து நிற்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப்பையின் நுனியில் ஊசி முனை அளவு ஓட்டை, உப்பு டப்பா மாதிரி. கருப்பாகக் குண்டாக வரும் தச்சன் வண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது கேட்கும் ரீங்காரம் சட்டென்று சுருதி ஏறும், மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். மாடி உயரத்துக்கு அந்த வண்டு வராமல் பூ உதிர்ந்துகொண்டே இருந்தால், பேட்டரி டூத்பிரஷின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் இரண்டு விநாடி வையுங்கள். எனக்கு மூன்றாவது மாடி நண்பர் சொல்லிக்கொடுத்த வித்தை இது. காய் பிடிக்கிறது.

காய் பச்சையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும்போதே பறித்து, லேசாகக் கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் ஒரு இரவு ஊறவிடுங்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே மோர், மோர் வற்றும் வரை. அப்புறம் கலகலவென்று காய்ந்ததும் ஜாடியில் போட்டு வைத்து, எண்ணெயில் பொரித்தால் தயிர்சாதத்துக்கு வேறெதுவும் வேண்டாம். சுண்டை வற்றலை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

எல்லாக் காயையும் பறித்துவிடாமல் ஐந்தாறைப் பழுக்க விடுங்கள். சின்னான் குருவி தேடி வந்து தின்னும். தின்றது வேலியில் உட்கார்ந்து எச்சமிடும், அதனால்தான் ஊரில் தூதுவளை வேலி வேலியாக முளைக்கிறது. எங்கள் தெருவிலும் போன மழைக்கு, எதிர்வீட்டுக் கம்பிவேலியின் அடியில் மூன்று மடல் இலையோடு ஒரு கன்று வந்திருக்கிறது. அந்த வீட்டு அம்மாவிடம் பிடுங்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.